விரல் பிடித்துக் காட்டிய வன்மம்

முன்னொரு காலத்தில் மருதம்பாடி நாட்டைக் குணவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் சந்தனம் பூசுவார், அடுத்த நொடி சாட்டையை எடுப்பார். அவருடைய மந்திரி சின்னாண்டி, மாட்டுச்சந்தையில் தரகு பேசி, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்த ஆள். அரண்மனைச் சோறு தின்றாலும் மனசெல்லாம் சந்தைப் புழுதியில்தான். பிறர் கண்ணில் படாமல் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிய காலம் கண்ணுக்குள்ளேயே நிற்கும். 'காலையில் மல்லுக்கு நிற்பான், மத்தியானம் ஒரே கலயத்தில் கூழ் குடிப்பான். அந்த மாதிரிச் சண்டை இங்கே ஏது!' என்று நினைத்துக்கொள்வார்.

அரண்மனையில் இருந்தவரோ அவைப்புலவர் அகத்தீசுவரக் கவிராயர். மாட்டுத் தரகன் மந்திரியானது அவர் தொண்டையில் முள்.

ஒருநாள் ராஜா கேட்டார்: "கோபம் தெரியும். வன்மம் என்கிறார்களே, அது என்ன? எங்கே பிறந்தது?"

கவிராயர் நிகண்டை ஒப்பித்தார். ராஜா கொட்டாவி விட்டார்.

"மந்திரியார் சொல்லட்டுமே! மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவர், சொல்லுக்கும் பார்ப்பார்" என்றார் கவிராயர்.

சின்னாண்டிக்குச் சுருக்கென்று ஏறியது. "சொல்லமாட்டேன் ஐயா, காட்டுவேன்!"

"பொழுது சாய்வதற்குள் காட்டாவிட்டால் பதவி போச்சு" என்றார் ராஜா.

சின்னாண்டி ராஜாவின் காதில் ஒரு யோசனை சொன்னார். ராஜா கனைத்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். உங்கள் இருவர் வயலும் ஒரே மடையில் பாய்கிறது. ஏரியிலோ தண்ணீர் குறைவு. துண்டுக்குள் கைவிட்டு என் விரலைப் பிடியுங்கள். இருவரும் ஒரு விரல் பிடித்தால் ஆளுக்குப் பாதித் தண்ணீர். யாராவது ஒருவர் இரண்டு விரல் பிடித்தாலும் மடையை அடைத்துவிடுவேன். இருவருக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது."

மந்திரி பிடித்தார். அடுத்துக் கவிராயர் பிடித்தார். ராஜாவின் முகம் கறுத்தது.

"என்னய்யா கவிராயரே! மந்திரி ஒன்று பிடித்தான், நீர் இரண்டா? உம்முடைய பயிரும் சேர்ந்தல்லவா காயும்?"

"துண்டுக்குள் பிடித்ததை அவையில் சொல்லலாமா, ராஜா?" என்று பதறினார் கவிராயர்.

சின்னாண்டி துள்ளிவிட்டார். "விலை பேசினால்தான் ஐயா அது ரகசியம்! ராஜா, மூக்கு விடைத்து முகத்துக்கு நேரே திட்டினால் அது கோபம். அதை நான் மூட்டை மூட்டையாய் வாங்கியிருக்கிறேன். நிதானமாய், யாரும் பார்க்காத இடத்தில், தன் கதிர் கருகினாலும் பரவாயில்லை, அடுத்தவன் கதிர் கருகணும் என்று எண்ணிப் பிடித்தாரே, அதுதான் வன்மம். அது பிறந்த இடத்தைத் துண்டுக்குள்ளே நீங்களே தொட்டுப் பார்த்துவிட்டீர்கள்!"

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் சின்னாண்டிக்குப் போட்டார். "கவிராயர் ஆசைப்படியே ஆகட்டும். அவர் வாய்க்காலை மட்டும் அடையுங்கள்!"

"வேண்டாம் ராஜா! அந்த மனுஷனை நானே நாலு வார்த்தை திட்டிக்கொள்கிறேன். தண்ணீரை விடுங்கள். நெல்லு என்ன பாவம் செய்தது?"

மடை திறந்தது. இரண்டு வயலும் பச்சைப் பசேலென்று நின்றன. அறுப்பு முடியும்வரை கவிராயர் தம் வயல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லையாம்.