காணாமல் போன ஒன்றரை மாடு

பவழகிரியை ஆண்ட மகுடவர்மருக்கு, நாடு செழிப்பாக இருக்கிறது என்று தினமும் யாராவது சொன்னால்தான் சோறு இறங்கும். அந்த வருஷம் அமைச்சர் திருமேனிநாதர் அதைக் கணக்கோடு சொன்னார்.

“மகாராஜா, தலைநகரில் நானூறு வீடு, அறுநூறு மாடு. சராசரி பார்த்தால் வீட்டுக்கு ஒன்றரை மாடு! பக்கத்து நாட்டில் ஒன்றேகால்தான்.”

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. “ஊருக்கெல்லாம் சொல்லுங்கள்!”

அமைச்சர் ஏழு ஓலையில் விவரம் எழுதி, தண்டோராக்காரன் இருளாண்டியிடம் கொடுத்தார். ஏழு ஓலையையும் தெருத்தெருவாக வாசித்தால் தொண்டை என்னாவது? நடுவில் இருந்த ஒரு வரியை மட்டும் உருவிக்கொண்டான். டம் டம் டம்!

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் ஊரில் வீட்டுக்கு ஒன்றரை மாடு இருக்கிறது! ராஜாவே சொல்லிவிட்டார்!”

மறுநாள் காலை காவல் தலைவன் சூரப்பன் சாவடிக் கதவைத் திறந்தான். வாசல் கொள்ளாத கூட்டம். முதலில் நின்றவள் ஆப்பக்கடை வள்ளியக்காள்.

“ஐயா, என் வீட்டு ஒன்றரை மாட்டைக் காணோம்.”

“உன்னிடம் ஏது மாடு?”

“நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜா இருக்கிறது என்கிறாரே. அவர் பொய்யா சொல்வார்?”

ராஜா சொன்னது பொய் என்று சூரப்பன் எப்படிச் சொல்வான்? புகாரை எழுதிக்கொண்டான்.

அடுத்து ஒரு சுண்ணாம்பு வியாபாரி. “என்னிடம் ஒரு மாடு இருக்கிறது. அரை மாட்டை எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.”

“எந்தப் பாதியை?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?”

அவருக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து ஒருவர் வந்தார். கையில் பிடித்த கயிற்றில் இரண்டு மாடு. “ஐயா, என்னிடம் அரை மாடு கூடுதலாக இருக்கிறது. சத்தியமாக நான் திருடவில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.”

பொழுது சாய்வதற்குள் முந்நூற்று ஐம்பது புகார் சேர்ந்தது. ராஜா அமைச்சரைக் கூப்பிட்டார். “கணக்கில் தப்பு உண்டா?”

“ஒரு குளம்புகூடத் தப்பாது, மகாராஜா!”

“கணக்கு சரி. மாடு இல்லை. அப்படியென்றால் திருட்டுதான். சூரப்பா! மூன்று நாளில் எல்லா மாடும் வந்தாக வேண்டும். வராவிட்டால் உன் தலை இருக்காது.”

இரண்டு நாள் சூரப்பன் தேடாத இடமில்லை. வைக்கோல் போருக்குள் ஈட்டியை விட்டுக் குடைந்தான். சுண்ணாம்பு வியாபாரிக்காக அரை மாட்டின் குளம்படி, அதாவது இரண்டு காலின் தடம் மட்டும், எங்கேயாவது தெரிகிறதா என்று ஆற்று மணலை மோந்து பார்க்காத குறையாகத் தவழ்ந்தான். பெண்டாட்டி போட்ட சோற்றைத் தொடவில்லை. கடைசியில் அரசவை விகடகவி மாசிலாமணியின் வீட்டுக்கு ஓடினான்.

“அண்ணா, நாளையோடு நான் தீர்ந்தேன்.”

மாசிலாமணி வெற்றிலையை மடித்தபடி கேட்டார். “புகார் கொடுக்க வந்தவர்களை விடு. வராதவர்கள் யார்?”

சூரப்பன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் தெளிந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினான்.

மூன்றாம் நாள் அரண்மனை முற்றத்தில் இருநூற்றுப் பத்து மாடு நின்றது. சத்தத்தில் சபையே நடக்கவில்லை. அமைச்சர் தலைப்பாகை அவிழ ஓடி வந்தார்.

“மகாராஜா, அநியாயம்! இவை என் மாடுகள்! என் தொழுவத்தை உடைத்து ஓட்டி வந்திருக்கிறான்!”

மாசிலாமணி எழுந்தார். “ஐயா, உங்களுக்கு எத்தனை வீடு?”

“ஒன்று.”

“உங்கள் கணக்குப்படி வீட்டுக்கு ஒன்றரை மாடு. மீதி இருநூற்றெட்டரை மாடு யாருடையது?”

“என்னுடையதுதான்!”

“அப்படியானால் ராஜாவிடம் பொய்க் கணக்குக் கொடுத்தீர்களா?”

கணக்கு சரியென்றால் திருடன். தப்பென்றால் துரோகி. அமைச்சர் உடைத்துச் சொன்னார்.

“மகாராஜா, சராசரி என்றால் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மொத்தத்தைப் பங்கு போட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். நிஜத்தில் ஒன்றரை மாடு யார் வீட்டிலும் கிடையாது. சிலரிடம் நிறைய இருக்கிறது. பலரிடம் ஒன்றுமே இல்லை.”

“இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? இருளாண்டி! போய் இதைச் சொல்லு.”

இருளாண்டி கோட்டை வாசலுக்குப் போனான். இந்தத் தடவை கடைசி இரண்டு வரியில் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. “சிலரிடம் நிறைய இருக்கிறது! பலரிடம் ஒன்றுமே இல்லை!”

வெளியே காத்திருந்த கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. வள்ளியக்காள் முந்தானையை உதறிச் செருகினாள். “இது எங்களுக்கே தெரியுமே. இதற்கா ஏழு ஓலை?” கடையில் மாவு புளித்துவிடும் என்று நடையைக் கட்டினாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

சூரப்பனுக்கு மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது. மெதுவாக நழுவப் பார்த்தான். ராஜா விடவில்லை.

“நில்! அமைச்சர் தொழுவத்தில் இருநூற்றுப் பத்து. என் தொழுவத்தில் முந்நூறு நிற்கிறதே. நானும்தான் புகார் கொடுக்கவில்லை. அங்கே ஏன் வந்து தேடவில்லை?”

சூரப்பனுக்காக மாசிலாமணி கைகட்டி முன்னால் வந்தார்.

“வருவதாகத்தான் இருந்தான், மகாராஜா. ஆனால் தலை சராசரியாக ஆளுக்கு ஒன்றுதானாம்.”

ராஜா முறைத்தார். மீசை துடித்தது. பிறகு சிம்மாசனம் கிறீச்சிடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து தொழுவத்துச் சாவியைக் கழற்றி மாசிலாமணியின் கையில் போட்டார்.

“மாடில்லாத வீடாகப் பார்த்து ஓட்டிக் கொடுத்துவிட்டு வா. முழு மாடாக!”