பந்தியில் உட்கார்ந்த ஷூ

தூத்துக்குடி ஜெராக்ஸ் கடைக்காரி பெனிட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்துக்கே ஐந்நூறு ஜோடிதான் என்று வந்த ஷூவில் ஒரு ஜோடியை ஆன்லைனில் பிடித்து, ரியல் எஸ்டேட் பால்துரையிடம் லாபத்துக்கு விற்றுவிட்டாள். புதுத் தொழிலில் முதல் விற்பனை!

மறுநாள் கல்யாண மண்டப வாசலில், அதே ஷூவோடு வந்த பால்துரை அவளைக் கண்டதும் ஊர் கூடக் கத்தினார். "இது டூப்ளிகேட்! ரூபாயைத் திருப்பிக் குடு. இல்லன்னா, ஒரிஜினல்னு இங்கயே நிரூபி!"

பில்லைக் காட்டினாள். "அதுவும் டூப்ளிகேட்!"

பெனிட்டா வாசலில் கிடந்த செருப்புக் குவியலைக் காட்டினாள். "சரி அண்ணாச்சி, எல்லாரையும் போல இங்க கழட்டிப் போட்டுட்டுப் போய்ச் சாப்பிடுங்க. திரும்பி வரும்போது கெடந்தா டூப்ளிகேட். மொத்த ரூபாயும் தாரேன். காணாமப் போயிருந்தா ஒரிஜினல்."

பால்துரை குவியலைப் பார்த்தார். தன் ஷூவையே வெறித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரையும் பார்த்தார். சட்டென்று குனிந்து, ஷூவைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். வாசலே சிரித்தது.

பந்தியிலும் ஷூ அவர் மடியில்தான் இருந்தது. இடது கை அதை விடவேயில்லை. பாயசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நேரே பெனிட்டாவிடம் போனார்.

"யம்மா, அந்த ஷூவுல இன்னொரு ஜோடி கெடைக்குமா?"