முந்தானைப் பிடி

மாசிலாமணி எழுந்துவிட்டார் என்றால் கூட்டம் முடியப்போகிறது என்று அர்த்தம். தேரிக்காட்டுக் கன்வென்ஷன் ஜெபக்கூட்டங்களுக்கு வருகிற எல்லாருக்கும் இது தெரியும். "இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவர்கள் முன்னே வாருங்கள்" என்று பிரசங்கியார் கூப்பிடுவார். வருஷா வருஷம் முதல் ஆளாகப் போய் முழங்கால் போடுவது மாசிலாமணிதான். "அண்ணாச்சி எந்திச்சாச்சு, சோத்தை இறக்குங்கலே" என்பான் சமையல்கார தாவீது.

பேரன் பேத்தி எடுத்த மனுஷன். கேலி சுடாமலா இருக்கும்? ஆனால் செத்தால் மோட்சம் கிடைக்குமோ என்ற பயம் அதைவிடப் பெரிசாக இருந்தது.

இந்த வருஷமும் முதல் நாளே போய் முழங்கால் போட்டார். மறுநாள் காலையில் சாராள் டீச்சர் வீட்டுக்கு நடந்தார். சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் அவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவள். டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், போன மாசம் நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில கிடந்தேம்லா? ஒரு ஜெபம்கூட வாயில வரல. அப்படியே செத்திருந்தா ஆண்டவர் என்னைச் சேர்த்திருப்பாரா? எத்தனை தடவைதான் அவரைப் பிடிக்கது? பிடி நழுவிக்கிட்டே இருக்கு."

"அந்தக் காலத்துக் கன்வென்ஷன் ஞாபகம் இருக்கா?" என்றாள் டீச்சர்.

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. ஆனாலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மறக்க முடியுமா? ஓலைப்பந்தல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், மணல்ல உக்காந்து ஊதி ஊதிக் குடிச்ச சுக்குக்காப்பி! தாயில்லாப் பிள்ளைன்னு நீங்கதானே கூட்டிட்டுப் போவீங்க. ஒரு வருஷம் திரும்பி வாரப்போ ஓடையில வெள்ளம். என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு இறங்குனீங்க. உங்க முந்தானையை நான் பிடிச்ச பிடி இருக்கே! அக்கரை வரைக்கும் விட்டேனா?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் சிந்தியது.

"விடலையாக்கும்! தண்ணி கணுக்கால்ல படும்போதே நீ தூங்கிட்டலே. கை ஒரு பக்கம் தொங்குது, கால் ஒரு பக்கம் தொங்குது. என்னா கனம் கனத்த!"

"நானா? பிடிச்சிருந்தது நல்லா ஞாபகம் இருக்கே?"

"சரி, அதுக்கப்புறம் என்ன ஞாபகம் இருக்கு?"

யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"காலையில உங்க வீட்டுப் பாயில முழிச்சேன்."

"என் செருப்பு ரெண்டையும் ஓடை கொண்டுட்டுப் போயிருச்சு" என்றாள் டீச்சர். "புதுச்செருப்பு. குனிஞ்சு எடுக்க முடியல. கையில நீ இருந்தியே."

மாசிலாமணி குனிந்தார். சிந்திய கீரையைப் பொறுக்கிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் பிரசங்கியார் வழக்கம்போலக் கூப்பிட்டார். பந்தலே திரும்பிப் பார்த்தது. மாசிலாமணி பந்தல்காலில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"அட என்ன இது, இன்னைக்கு அண்ணாச்சி எந்திக்கலையே!" தாவீது கரண்டியும் கையுமாக ஓடிவந்து அவர் தோளை உலுக்கப் போனான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சர் அவன் கையைத் தடுத்தாள்.

"எழுப்பாதலே. கரை வந்ததும் அவனே முழிச்சுக்கிடுவான்."