வீரசேனனின் இரண்டாவது சாவு

மணப்பாறையில் குஞ்சரத்தம்மாள் நாடகக் கம்பெனி நடத்தி வந்த காலத்தில், வீரசேனன் என்ற தளபதி வெள்ளி, சனி, ஞாயிறு தவறாமல் செத்துக்கொண்டிருந்தார். பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு தடவை செத்தார்.

அதற்குக் காரணம் ஜனங்கள். கடைசிக் காட்சியில் வீரசேனன் நெஞ்சில் ஈட்டி பாய்ந்து, தாயின் மடியில் தலையை வைத்து, ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கண்ணை மூடுவார். பாட்டு பிடித்துப்போனால் தரை டிக்கெட்டிலிருந்து "ஒன்ஸ் மோர்" என்று குரல் கிளம்பும். பிறகு பெஞ்சு டிக்கெட்டும் சேர்ந்துகொள்ளும். செத்தவர் எழுந்து, மீசையைச் சரிசெய்து, சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பழையபடி படுப்பார். மறுபடி பாட்டு, மறுபடி சாவு. ஆர்மோனியக்காரர் இதற்கென்றே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்.

கம்பெனியில் யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. அந்தக் காலத்து நாடகங்களில் செத்தவர்கள் எழுந்திருப்பது வழக்கம்தான். ஒருத்திக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

அவள் சிவபாக்கியம். வீரசேனனுக்குத் தாயாக வேஷம் போடுகிறவள். மகனைவிடத் தாய்க்கு ஏழெட்டு வயது குறைவு. நாடகக் கம்பெனியில் இதையெல்லாம் கேட்கக் கூடாது.

ஒரு வியாழக்கிழமை காலை ஒத்திகை முடிந்ததும் சிவபாக்கியம் குஞ்சரத்தம்மாளிடம் வந்தாள். கம்பெனியில் எல்லோரும் அவரை வாத்தியாரம்மா என்பார்கள். சொந்தக்காரரும் அவர்தான், சொல்லிக்கொடுப்பதும் அவர்தான்.

"அக்கா, இந்த ஞாயித்துக்கிழமையோட நான் நின்னுக்கிறேன்."

"எங்கே போறே?"

"காரைக்குடிக் கம்பெனியில கூப்பிடறாங்க."

"இங்கே என்ன குறை?"

"முதல் தடவை நெசமாவே அழுவுறேன்க்கா. அவர் எழுந்து கும்பிடு போட்டுட்டு வந்து படுத்தாருன்னா, அப்புறம் எங்கேருந்து அழுகை வரும்? வாயைக் கோணிக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கே அசிங்கமா இருக்கு."

வாத்தியாரம்மா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தாய் வேஷத்துக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. அவள் போனால் இந்த நாடகத்தைத் தூக்கி மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பேல்ல?"

"இருப்பேன்."

"சரி, போய்ச் சாப்பிடு."

இனிமேல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு உத்தரவு போட்டால் முடிகிற விஷயம். ஆனால் வாத்தியாரம்மாவுக்கு உத்தரவு போடுகிற பழக்கம் இல்லை. அவரிடம் பாடம் கேட்பதில் உள்ள தொந்தரவே அதுதான்.

மத்தியானம் பொன்னுரங்கத்தை அழைத்தார். வீரசேனன் அவர்தான். வாத்தியாரம்மாவைவிட வயதில் மூத்தவர். அரிசி மண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவரை மேடையில் நிற்கவும் நடக்கவும் பழக்கியது வாத்தியாரம்மா. அதனால் இவர் அவரை "அம்மா" என்பார். அவர் இவரைப் பெயர் சொல்லி, "நீங்க" என்பார்.

சிவபாக்கியம் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னார். பொன்னுரங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து கேக்கறாங்க. நான் பாடினது அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. இன்னொரு தடவை வேணுங்கறாங்க. இல்லேன்னு சொல்ல நாம யாரு?"

நியாயமான கேள்வி. வாத்தியாரம்மாவும் அது நியாயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"நாளைக்கு நீங்க சாக வேண்டாம்" என்றார். "நல்லசிவம் சாகட்டும். நீங்க தரை டிக்கெட்டில போய் உக்காருங்க."

நல்லசிவம் மந்திரி வேஷக்காரர். நாடகத்தில் உள்ள எல்லாப் பாட்டும் எல்லோருக்கும் பாடம் என்பதால் அவருக்கு இதில் சிரமம் இல்லை, சந்தோஷம்தான். பொன்னுரங்கத்துக்குத்தான் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணல் தரையில் போய் உட்கார்ந்தார். மீசையும் கிரீடமும் இல்லாமல் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் சந்தையில் மூட்டை தூக்குகிற ஒரு பெரியவர், மடியில் கடலைப் பொட்டலத்துடன் உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சியில் நல்லசிவம் பாடினார். சுமாராகத்தான் பாடினார். ஆனாலும் பெரியவர் கடலை தின்பதை நிறுத்தினார். வீரசேனன் கண்ணை மூடியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே, துண்டை விலக்கி, "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார். சுற்றிலும் எல்லோரும் கத்தினார்கள்.

பாட்டு சுமாராக இருந்தும் கத்துகிறார்களே என்று பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது.

நல்லசிவம் எழுந்து கும்பிடு போட்டார். ஒன்றுக்கு மூன்று கும்பிடாகவே போட்டார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கே பெரியவரே கிளம்பிட்டீங்க? மறுபடி பாடப் போறாரே" என்றார் பொன்னுரங்கம்.

"டீ குடிக்கப் போறேன்."

"அந்தம்மா அழுவுறாங்க, பாக்கலையா?"

"அவன்தான் சாகலையே தம்பி. எதுக்கு அழுவணும்?"

"நீங்களுந்தானே எழுந்திருன்னு கத்துனீங்க?"

"கத்துனேன்" என்றார் பெரியவர். "வயிறு எரிஞ்சுது, கத்துனேன். அந்தப் படுபாவி எழுந்திருப்பான்னு யாரு கண்டா?"

போய்விட்டார்.

பொன்னுரங்கம் மேடையைப் பார்த்தார். நல்லசிவம் இரண்டாவது தடவை செத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்பிள்ளை குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ கடைசி பஸ்ஸைப் பற்றி விசாரித்தார்கள். சிவபாக்கியம் வாயைக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னது சரிதான், பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பொன்னுரங்கம் வாத்தியாரம்மாவிடம் வந்தார்.

"இன்னைக்கு நான் எழுந்திருக்க மாட்டேன்மா."

"உங்க இஷ்டம்" என்றார் வாத்தியாரம்மா.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து பொன்னுரங்கம் இல்லாமல் ஏமாந்தவர்களும் சேர்ந்து வந்திருந்தார்கள். பொன்னுரங்கம் என்றைக்கும் இல்லாதபடி பாடினார். கண்ணை மூடினார்.

"ஒன்ஸ் மோர்" என்று ஆரம்பித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. சோடா மூடி ஒன்று மேடையில் வந்து விழுந்து உருண்டது. ஆர்மோனியக்காரருக்கே தாங்கவில்லை, பாட்டின் முதல் அடியை மெல்ல வாசித்துக் காட்டினார். அவர் அசையவில்லை. கடைசியில் படுதா விழுந்தது.

கம்பெனியில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, "எப்படிண்ணே தாங்கினீங்க" என்று கேட்டார்கள். நல்லசிவம் மட்டும் கேட்கவில்லை. சிவபாக்கியம் யாரிடமும் பேசாமல் தன் ஜாகைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். காலையில் வாத்தியாரம்மா கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சிவபாக்கியம் முதலில் வந்தாள்.

"நேத்து எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் வாத்தியாரம்மா.

"நேத்தும் எனக்கு அழுகை வரலைக்கா."

"அவர்தான் எழுந்திருக்கலையே."

"எழுந்திருக்கல. ஆனா என் கை அவர் நெஞ்சு மேலதானே இருந்துச்சு? ஒவ்வொரு தடவை கத்தும்போதும் நெஞ்சு மேல ஏறுது. முகத்தில ஒரு களை வருது. என் மடியில கெடந்தது பொணமில்லக்கா. மாப்பிள்ளை."

வாத்தியாரம்மா சிரித்துவிட்டார். சிவபாக்கியம் சிரிக்கவில்லை.

"நான் நாளைக்குக் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் பொன்னுரங்கம் வந்தார். சலவை வேட்டி கட்டி, நெற்றியில் பளிச்சென்று விபூதி பூசியிருந்தார்.

"பாத்தீங்களாம்மா நேத்து? என்ன கத்து கத்துனாங்க. கூரைத் தகரமே பேந்துடும் போல இருந்துச்சு. அந்த ஓரத்தில ஒருத்தன், அவன் தொண்டை கிழியற மாதிரிக் கத்தினான். முன் வரிசையில மணியக்காரர்கூட சபாஷ், சபாஷ்னு சத்தம் போட்டாரு. நான் அசையலையே."

"ஆமா, அசையல."

"இவ்வளவு நாள் நான் கும்பிடு போட்டப்பகூட இப்படிக் கத்தினதில்லம்மா."

வாத்தியாரம்மா வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"செத்தவனுக்கு அதெல்லாம் எப்படிக் கேட்டுது?" என்றார்.

பொன்னுரங்கம் காதைத் தடவிக்கொண்டார்.

"காது கேக்கறது தப்புன்னு சொல்லல" என்றார் வாத்தியாரம்மா. "மனுஷன்னா கேக்கத்தான் செய்யும். ஓரத்தில கத்தினவன் குரல் கேட்டிருக்கு, ரொம்ப நல்லது. உங்க தலைமாட்டில ஒருத்தி உக்காந்திருந்தாளே, அவ என்ன சொன்னா?"

"யாரு, சிவபாக்கியமா?"

"உங்கம்மா."

பொன்னுரங்கம் யோசித்தார். "'மகனே, உன்னைப் பிரிந்து எங்ஙனம் தரிப்பேன்'னு ஆரம்பிக்கும்."

"அது நான் எழுதிக் குடுத்தது. சபைக்காக உரக்கச் சொல்றது. அதுக்கப்புறம் படுதா விழற வரைக்கும் அவ வாய் சும்மா இருக்கிறதில்ல. உங்க காதுகிட்ட குனிஞ்சு ஏதோ சொல்லிக்கிட்டே இருக்கா. அது என்ன?"

பொன்னுரங்கத்துக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாள் அவள் மடியில் செத்திருக்கிறார். அவள் ஏதோ முணுமுணுப்பது தெரியும். தன் பாட்டு சபையில் எப்படி எடுபட்டது என்று கவனிக்கும் அவசரத்தில், அந்த முணுமுணுப்பு அவருக்கு இடைஞ்சலாகவே இருந்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அவ மடியில படுக்கலையே."

பொன்னுரங்கம் அங்கிருந்து நகர்ந்தார். உள்ளே சிவபாக்கியம் சாமான்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டுவிடலாமா என்று வாசலில் நின்றார். வெட்கமாக இருந்தது. கேட்காமலே வேஷம் போடப் போய்விட்டார்.

பகல் ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. தகரக் கொட்டகைக்குள் அனல். கடைசிக் காட்சி வந்தபோது வீரசேனனுக்கு அரிதாரம் வழிந்து கழுத்தில் இறங்கியிருந்தது. பாட்டைப் பாடினார். வழக்கமாகக் கடைசி அடியை இழுத்து நிறுத்தி ஒரு பிர்கா போடுவார். அன்றைக்கு மறந்துவிட்டதோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

சிவபாக்கியம் எழுதிக் கொடுத்த வசனத்தை உரக்கச் சொன்னாள். பிறகு குனிந்தாள்.

"காலையில சாப்பிடாமப் போனியேடா" என்றாள். "சட்டியில கஞ்சி அப்படியே இருக்குடா. திரும்பி வந்து குடிக்கிறேன்னியே. நான் மூடி வெச்சேன்டா. உறை ஊத்தின தயிர்கூட இருக்குடா. சண்டையை நாளைக்குப் போட்டா ஆகாதாடா. சாப்பிட்டுட்டுப் போடான்னு நான் வாசல் வரைக்கும் வந்து சொன்னேனேடா."

தளபதி வீரசேனன், மலைநாட்டுச் சேனையை முறியடித்தவன், கஞ்சி குடிக்காமல் போயிருந்தான்.

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் முகத்திலிருந்த வியர்வையை முந்தானையால் ஒற்றினாள். அவள் கண்ணீர் அவன் நெற்றியில் விழுந்து காதுப் பக்கமாக இறங்கியது. துடைக்க அவன் கை எழவில்லை.

படுதா விழக் கொஞ்சம் தாமதமாயிற்று. படுதா இழுக்கிறவர் கயிற்றைப் பிடித்தபடி பக்கத் தட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கிருந்து கை காட்ட வேண்டியவர் வாத்தியாரம்மா. அவர் காட்டவில்லை. கடைசியில் இழுக்கிறவரே ஒரு முடிவுக்கு வந்து கயிற்றைத் தளர்த்தினார்.

படுதா விழுந்த பிறகும் சிவபாக்கியம் உடனே எழுந்திருக்கவில்லை. அப்புறம் பொன்னுரங்கத்தின் தலையை மெதுவாகத் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானை முழுக்க அரிதாரம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே துணிமணிப் பொறுப்பாளரிடம் போனாள்.

"அண்ணே, இதை நாளைக்கே வெளுக்கப் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமைக்கு எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பொன்னுரங்கம் இன்னும் பலகையில் கிடந்தார். வாத்தியாரம்மா தட்டி மறைவிலிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். பொன்னுரங்கம் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அம்மா" என்றார்.

"சொல்லுங்க."

"இன்னைக்கு ஜனங்க கத்தினாங்களா?"

வாத்தியாரம்மா படுதாவைத் திரும்பிப் பார்த்தார். யோசித்துப் பார்த்தார்.

"தெரியலையே பொன்னுரங்கம்" என்றார். "எனக்கும் கேக்கல."