ஆனைக்குத் தைச்ச ஒத்தைத்துணிப் போர்வை

ஒரு ஊர்ல ஒரு குளிரு இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, குளிருதான் அந்த ஊருக்கே பெரிய ஆளு. மலை மேல இருக்குற ஊரு பாரு! மார்கழி பொறந்துட்டா தண்ணிக் குடத்துல கைய விட்டதும் வெடுக்குனு கடிக்கும். பேசுனா வாயிலருந்து புசுபுசுன்னு பொகை வரும். காலங்காத்தால ரெண்டு பேரு சண்டை போட்டா ரெண்டு அடுப்பு எரியுறாப்ல இருக்கும். என்ன கண்ணு, சத்தத்தைக் காணோம்? நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும். இல்லேன்னா அங்கயே நின்னுக்கும்.

ம்.

அந்த ஊர்ல பவளாயின்னு ஒருத்தி. மெத்தை, தலகாணி, போர்வை எல்லாம் தைக்கிறவ. கையில ஊசி ஓடும்போது வாயும் கூடவே ஓடும். அவ புருஷன் நாச்சிமுத்து. கோயில் ஆனைக்கு அவர்தான் பாகன். அந்த ஆனைக்குப் பேரு மரிக்கொழுந்து. பேருதான் வாசனை, கிட்டப் போனா மூக்கைப் பொத்திக்கணும்! கீழ வெயில் ஊர்ல பொறந்து வளந்த ஆனை அது. யாரோ ஒரு வியாபாரி வேண்டுதல்னு சொல்லி மலைக்கோயிலுக்குக் குடுத்துட்டாரு. ஆனைக்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா, உனக்குக் குளிரு ஆகுமான்னு? கேக்கலை.

அப்புறம் மார்கழி வந்துச்சு. மரிக்கொழுந்து நடுங்க ஆரம்பிச்சுது. ஆனை நடுங்குனா எப்பிடி இருக்கும்? கிடுகிடுகிடுன்னு கொட்டகையே ஆடும். ஓட்டுலருந்து மண்ணு உதிரும். கழுத்து மணி கிணிகிணின்னு நிக்காம அடிக்கும். கரும்பு குடுத்தா வேண்டாம்ங்குது. ஒரு தும்மல் போட்டுச்சு பாரு, ஹ்ஹ்ஹச்சூ! எதுக்க நின்ன பூசாரி குளிச்ச மாதிரி ஆயிட்டாரு.

நாச்சிமுத்து வீட்டுக்கே வரதில்ல. ராவும் பகலும் கொட்டகையிலதான். தீ மூட்டுறாரு, காலைத் தேய்ச்சு விடுறாரு. பவளாயி சோத்தைக் கொண்டு போய் டங்குனு வெச்சா.

"ஏனுங்க, நீங்க தாலி கட்டுனது எனக்கா, ஆனைக்கா?"

"அது வாயில்லாத சீவன், பவளா."

"எனக்கு வாய் இருக்குறது தப்பாப் போச்சா?"

அவர் சோத்துல ஒரு உருண்டையை உருட்டி ஆனைக்கு நீட்டுனாரு. அவளுக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

அப்போ கோயில் மணியக்காரர் வந்தாரு. கோயில் காரியம் எல்லாம் அவரு சொல்றதுதான். முண்டாசும் கம்பளியும் சேந்து மூஞ்சியில மூக்கு மட்டும்தான் வெளிய தெரியும். அவரு சொன்னாரு, "நாச்சிமுத்து, இது இங்க பொழைக்காது. தை பொறந்ததும் கீழ வேற கோயிலுக்கு அனுப்பிடப் போறேன். அங்க அவங்களுக்குன்னு பாகன் இருக்கான். நீ போக வேண்டியதில்ல."

நாச்சிமுத்து ஆனையோட காதை நீவிக்கிட்டே நின்னாரு.

பவளாயி அவரு மூஞ்சியைப் பாத்தா. ஆனை மேல கோவந்தான், ஆனா அந்த மூஞ்சியோட இந்த மனுசன் வீட்டுக்கு வந்து என்ன பிரயோசனம்னு தோணுச்சு. "அது குளிருதுன்னுதானே நடுங்குது? போர்வை தைக்கிறவ வீட்டுல ஒருத்தி இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா.

ம்.

மொதல்ல என்ன பண்ணுனா தெரியுமா? ஊர்ல இருக்குற பழைய சேலை, வேட்டி, பாவாடை எல்லாம் வாங்கி, வெட்டி, ஒட்டுப் போட்டு ஒரு போர்வை தைச்சா. சேப்பு, பச்சை, மஞ்சள்னு கண்ணைப் பறிக்குது. "அடேயப்பா, ஆனைக்கு வந்த யோகத்தைப் பாரு"ன்னு ஊரே சொல்லுச்சு. ஆனை முதுகுல போத்துனாங்க. மரிக்கொழுந்து தும்பிக்கையைப் பின்னாடி விட்டு மெதுவாத் தடவிப் பாத்துச்சு. ஒரு துணியும் இன்னொரு துணியும் சேருற எடம் இருக்கில்ல, அங்க ஒரு சின்ன மேடு. தும்பிக்கை நுனி அங்க வந்து நின்னுச்சு. நோண்டுச்சு. ஒரு இழுப்பு. டர்ர்ர்ர்! இன்னொரு ஒட்டு, டர்ர்ர்! சாயங்காலத்துக்குள்ள கொட்டகை பூரா துண்டு துணி. மரிக்கொழுந்துக்கு ஒரே குஷி. அப்புறம் மறுபடியும் கிடுகிடுகிடு.

"ஒட்டைக் கண்டா பிரிக்குது இது. அப்போ ஒட்டே இல்லாத துணி வேணும்"னா பவளாயி.

ஆனை அகலத்துக்கு ஒத்தைத் துணி எங்க கிடைக்கும்? மலையை விட்டு எறங்கி ஆத்தங்கரை ஊருக்குப் போனா. அங்க ஜமக்காளம் நெய்யுற பெரிய தறி ஒண்ணு. அதுல ஒரு புருஷனும் பொண்டாட்டியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து நெய்வாங்க. இவர் நூல் சுத்துன நாடாவைத் தள்ள, அந்தம்மா வாங்கித் தள்ள, சடக் படக், சடக் படக்.

"எனக்கு வெள்ளைத் துணி வேணுமுங்க. இந்தத் தறி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். வெட்டு, ஒட்டு எதுவும் கூடாது."

"யாருக்கும்மா?"

"ஆனைக்குங்க."

தறி நின்னுருச்சு. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க சிரிக்கிறாங்க, அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "ஆனை கட்டிக்கிற துணி நெய்தோம்னு சொல்லிக்கலாம், போங்க"ன்னு நெய்ய உக்காந்தாங்க. பவளாயி ஒரு குடம் மலைத்தேனைக் குடுத்துட்டுத் துணியைத் தலையில தூக்கிட்டு வந்தா. அம்புட்டுத் துணிக்குப் பஞ்சு வேணுமே? தன்னோட கலியாண மெத்தையைக் கிழிச்சா. ஒரு தடவை தடவிப் பாத்தா, அப்புறம் கிழிச்சுட்டா. இலவம்பஞ்சு பொசுபொசுன்னு கொட்டுச்சு. துணியை மடிச்சு, உள்ள பஞ்சை நெரப்பி, ஓரத்தை மட்டும் சுத்தித் தைச்சு மூடுனா. முதுகுல ஒரு ஒட்டு இல்ல, ஒரு மேடு இல்ல. வழவழன்னு வெண்ணெய் மாதிரி இருக்கு.

போத்துனாங்க. தும்பிக்கை தடவுச்சு. நோண்ட ஒண்ணும் அம்புடலை. நாச்சிமுத்து சிரிச்சாரு. அப்போ மரிக்கொழுந்து ரெண்டு எட்டு எடுத்து வெச்சுது பாரு... சர்ர்ர்ர்! உள்ள இருந்த பஞ்சு அம்புட்டும் முதுகுலருந்து வழுக்கிக்கிட்டு ரெண்டு பக்கமும் எறங்கிருச்சு! முதுகுல வெறும் துணி. வயித்துக்கிட்ட ரெண்டு பெரிய மூட்டை. ஆனை பொதி கழுதை மாதிரி ஆட்டி ஆட்டி நடக்குது. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. பவளாயிக்கு மட்டும் சிரிப்பு வரலை. மெத்தை போச்சு, மானம் போச்சு.

ஏய், தூங்கிட்டியா?

ம்ம்.

எல்லாரும் போன பொறவு அவ போர்வையை உருவ வந்தா. நாச்சிமுத்து தழை ஒடிக்கப் போயிருந்தாரு. கொட்டகையில அவளும் ஆனையும்தான். "உன்னால எனக்குப் படுக்க மெத்தை இல்ல, தெரியுமா?"ன்னு திட்டிக்கிட்டே வயித்துக்கடியில கட்டுன கயித்தை அவுக்குறா. அப்போ தும்பிக்கை மெல்ல வந்து அவ கையைத் தொட்டுச்சு. அதோட நுனி ஐஸு மாதிரி சில்லுனு இருந்துச்சு. கையில ஏறி, தோள்ல ஏறி, கதகதப்பா ஒரு எடத்தைத் தேடி, அவ அக்குளுக்குள்ள போய்ச் செருகிக்கிச்சு. அப்பிடியே அசையாம இருந்துச்சு.

பவளாயி கூசி நெளிஞ்சா. அப்புறம் கையை இறுக்கி அணைச்சுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல நுனி சூடாச்சு, கிணிகிணி மணி அடங்குச்சு. அவளும் அசையலை. கால் மரத்துப் போச்சு, அப்பவும் அசையலை. அது வரைக்கும் புருஷனுக்காகத் தைச்சா. அந்த நிமிசத்துலருந்து மரிக்கொழுந்துக்காகத் தைக்கலாம்னு நெனச்சா.

மறுநாள் விடியக்காலம் வாசல்ல கம்பிக்கோலம் இழுத்தா. புள்ளியைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போய், ஆரம்பிச்ச எடத்துலயே வந்து சேருமே ஒத்தைக் கோடு, அந்தக் கோலம். இழுத்துக்கிட்டே இருந்தவ சடார்னு எந்திரிச்சா. மாவுக் கிண்ணம் ஒரு பக்கம் உருண்டு போச்சு. "ஏனுங்க! ஏனுங்க!"ன்னு கொட்டகைக்கு ஓடுனா.

"பஞ்சு நகராம அங்கங்க பிடிச்சுத் தைக்கணும். ஆனா தையலுக்கு நுனி தெரிஞ்சா இவ பிரிச்சுருவா. நுனியே இல்லாம தைச்சா?"

கோயில் மண்டபத்துல போர்வையை விரிச்சாங்க. பஞ்சைச் சமமாப் பரப்பி, துணி மேல செங்கல் பொடியால கோலம் போட்டா. நடுவுல ஒரு பெரிய தாமரை. சுத்தி ஆத்துத் தண்ணி மாதிரி அலை அலையா. ஓரத்துல மூங்கில் இலை. எல்லாம் ஒரே கோடு. அப்புறம் அந்தக் கோட்டு மேலயே வெள்ளை நூலால தைச்சா. நறுக் நறுக்னு ஊசி எறங்குது, ஏறுது. போர்வை மேலயே தவழ்ந்து தவழ்ந்து தைக்கிறா. நாச்சிமுத்து ஊசியில நூலைக் கோத்துக் கோத்துக் குடுக்குறாரு. ஒரு நூலு தீந்தா முடிச்சை உள்ள பஞ்சுக்குள்ள தள்ளி ஒளிச்சு வெச்சுருவா. தைச்சு முடிச்சதும் ரெண்டு பேரும் போர்வையை உதறுனாங்க. படார், படார்! செங்கல் பொடி பறந்து போச்சு. வெள்ளை மேல வெள்ளை. எதுக்க நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியலை.

தை ஒண்ணாந்தேதி காலையில மணியக்காரர் வந்தாரு. கொட்டகை இருட்டா இருந்துச்சு. மரிக்கொழுந்து முதுகுல வெள்ளையா என்னமோ கெடக்கு.

"என்னடா நாச்சிமுத்து, ஆனை மேல வேட்டி காயப் போட்டிருக்கியா? ஒரு பூ இல்ல, ஒரு கலர் இல்ல. இதுக்கா இம்புட்டு நாளு மண்டபத்தை அடைச்சு வெச்சிருந்தீங்க?"

பவளாயிக்கு வாய் துறுதுறுன்னுச்சு. ஆனா ஆனையை வெளிய கொண்டாங்கன்னு மட்டும் கையைக் காட்டுனா.

வெளிய வந்துச்சு. அப்போதான் சூரியன் மலைக்கு மேல எட்டிப் பாக்குது. வெயிலு பக்கவாட்டுல சாஞ்சு போர்வை மேல விழுந்துச்சு. தையல் எறங்குன எடமெல்லாம் நெழலு. பஞ்சு பொங்குன எடமெல்லாம் வெளிச்சம். தாமரை எந்திரிச்சு வந்துச்சு. அலை ஓட ஆரம்பிச்சுது. மரிக்கொழுந்து மூச்சு விட விட, மூங்கில் இலை காத்துல ஆடுறாப்ல ஆடுது.

மணியக்காரர் கம்பளியை மூஞ்சியிலருந்து எறக்குனாரு. அன்னைக்குத்தான் ஊருக்கே அவருக்கு வாய் இருக்குறது தெரிஞ்சுது, அதுவும் ஆன்னு தெறந்து கெடந்துச்சு. கிட்ட வந்து, தொங்குற ஓரத்துல ஒரு கோட்டு மேல வெரலை வெச்சாரு. கோடு போற வழியே வெரலும் போகுது. அவரும் கூடவே நடக்குறாரு. வாலைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துட்டாரு.

"இது எங்கம்மா முடியுது?"

"முடியாதுங்க. சுத்திக்கிட்டே இருக்கும்."

தலைப் பக்கத்துலருந்து மரிக்கொழுந்தும் தும்பிக்கையால அதே கோட்டைத் தடவிக்கிட்டு வருது. எங்கயாச்சும் நுனி அம்புடுமான்னு பாக்குது. அம்புடலை. இவரு வெரலு இப்பிடி வருது, அது தும்பிக்கை அப்பிடி வருது. ஒரு மூங்கில் இலை மேல ரெண்டும் டக்குனு முட்டிக்கிச்சு! ரெண்டு பேரும் திடுக்குனு நின்னு ஒருத்தரை ஒருத்தரு பாத்தாங்க.

மணியக்காரருக்குச் சிரிப்பு வந்துருச்சு. தும்பிக்கை நுனியைக் கையில பிடிச்சுப் பாத்தாரு.

"நடுக்கம் இல்லையே?"

"இல்லீங்க. காலையில ஒரு கட்டுக் கரும்பு தின்னுட்டு இன்னும் கேக்குது."

"சரி, இங்கயே இருக்கட்டும்"னாரு. ரெண்டடி போய்த் திரும்பி வந்தாரு. கொரலைத் தாழ்த்தி, "ஏம்மா பவளாயி, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு..."

"தைச்சுத் தரேனுங்க. ஆனா நீங்க பிரிக்கக் கூடாது."

கேட்டுக்கிட்டு இருக்கியா?

...ம்.

அன்னைக்குச் சாயங்காலம் நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தாரு. சுடுதண்ணியில குளிச்சாரு, சூடா ரசஞ்சோறு சாப்பிட்டாரு, பாயில காலை நீட்டுனாரு. "அப்பாடா! இனிமே வீட்டுலதான் படுக்கை. சந்தோசமா உனக்கு?"ன்னாரு.

"ம்"னா பவளாயி. புரண்டு படுத்தா. எந்திரிச்சு உக்காந்தா. "போர்வை ஒரு பக்கமா எறங்கியிருக்குமோ?"

"அதெல்லாம் எறங்காது. படு."

"ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுறேனுங்க."

போனவ வரலை. நாச்சிமுத்து பாத்தாரு, பாத்தாரு, அப்பிடியே தூங்கிப் போயிட்டாரு. விடிஞ்சதும் அவரு கொட்டகைக்கு ஓடி வந்து பாத்தா, மரிக்கொழுந்து காலை மடக்கி, மலை சாஞ்ச மாதிரி படுத்துத் தூங்குது. அது படுத்துத் தூங்கி அவரு அந்த ஊர்ல பாத்ததே இல்ல. போர்வையோட ஓரத்துல, தாமரைக்குக் கீழ, பவளாயி சுருண்டு கெடக்குறா. கொர்ருங்குது ஒண்ணு, புஸ்ஸுங்குது ஒண்ணு. எது யாரோடதுன்னு அவருக்குத் தெரியலை. வாசல்லயே உக்காந்துட்டாரு, எழுப்பவே இல்லை.

கண்ணு?

ஏய்... ம் சொல்லலை. அப்போ சரி. கதை இங்கயே படுத்துக்கிச்சு. நீயும் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கு.