இல்லாத கொக்கைப் பார்த்த குரங்கு

மழை பொய்த்த ஒரு காட்டில் ஒரே ஒரு சின்னக் குட்டையில்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. அதன் கரையில் ஓர் அத்திமரம். மரத்தில் ஒரு கடுவன் குரங்கு.

மானுக்கும் குரங்குக்கும் அங்கே ஓர் ஒப்பந்தம். மான் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது குரங்கு மேலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பகை வரும் வாடை அடித்தால் மான் கத்திச் சொல்ல வேண்டும். கண் குரங்கினுடையது, மூக்கு மானுடையது.

ஒரு நண்பகலில் பெண்மான் ஒன்று வந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் அதற்குப் பால் வற்றிவிட்டது. ஈன்று நாலே நாளான குட்டியோ புல்லுக்குள் பசியோடு கிடந்தது. காற்று எதிர்க்கரைப் பக்கம் வீசியதால், அங்கே நாணலுக்குள் எது பதுங்கியிருந்தாலும் மூக்குக்கு எட்டாது.

"அண்ணே, பார்த்துக்கிறீங்களா?"

"இதையெல்லாமா கேட்பாங்க? நீ குடி தங்கச்சி!"

ஒரு வாய் குடித்தது. காது துடித்தது.

"அண்ணே, எதிர்க்கரை?"

"ஒண்ணுமில்லை."

இன்னொரு வாய்.

"அந்த நாணல்?"

"ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லை! சரியான பயந்தாங்கொள்ளியா இருக்கியே!"

மானுக்குச் சந்தேகம் வந்தது. பதில் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது? கழுத்தைத் திருப்பிப் பார்க்கவாவது ஒரு நொடி ஆகாதா? குரலும் வாய் நிறையப் பழத்தோடு அல்லவா வருகிறது! இலைக்கூட்டத்துக்குள் முகமும் தெரியவில்லை.

மெல்லக் கேட்டது: "அண்ணே, எதிர்க்கரையில் ஒத்தைக்கால்ல ஒரு கொக்கு நின்னுச்சே, இன்னும் நிக்குதா?"

"நிக்குது, நிக்குது. நீ நிம்மதியாக் குடி!"

அங்கே கொக்கே இல்லை.

மான் நாலு காலும் ஒன்றாகப் பின்னால் துள்ளியது. அதே நொடி நாணலிலிருந்து ஒரு சிறுத்தை பாய்ந்தது. மான் நின்ற இடத்தில் வெறும் சேறுதான் தெறித்தது.

ஏமாந்த சிறுத்தை அண்ணாந்து பார்த்தது. முதுகைக் காட்டியபடி ஒரு குரங்கு பழம் தின்றுகொண்டிருந்தது. சிறுத்தைக்கா மரம் ஏறத் தெரியாது?

மான் ஓடிக்கொண்டே கத்தியது. தன் பங்கு வேலையை அது விடவில்லை. குரங்கு திடுக்கிட்டுத் தாவியது. உயிர் தப்பியது, பாதி வால் சிறுத்தையின் வாயோடு போயிற்று.

மறுநாள் குரங்கு இளித்தது. "நேத்து கொஞ்சம் அசந்துட்டேன் தங்கச்சி. இன்னைக்கு நல்லாப் பார்க்கிறேன்."

"நீங்க வாயை மூடிட்டு இருந்தாலே போதும் அண்ணே. என் கண்ணாலே நானே பார்த்துக்குவேன்."

மான் ஒவ்வொரு வாய்க்கும் தலையை நிமிர்த்திப் பார்த்து, வயிறு நிறையக் குடித்துவிட்டுக் குட்டியிடம் போயிற்று.

நீதி: கடமையைச் செய்யாதவன் கெட்டவன், செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யாதவன் நம்பியவர் உயிருக்கே உலை வைப்பவன்.