தண்ணீரில் நிற்காத பாலம்

முன்னொரு காலத்தில், அசட்டு ஆசைகளை அரச ஆணை என்று பறையறைந்த நாட்களில், ஒரு மன்னர் இருந்தார். அரண்மனையை ஒட்டி ஓடும் சிற்றாற்றில் தம் முகம் பார்த்து ரசிப்பதுதான் அவருடைய முக்கியமான ராஜகாரியம்.

"ஆற்றுக்குக் கல்பாலம் வேண்டும். ஆனால் பாலம் முடிந்த அன்று தண்ணீருக்குள் ஒரு தூணும் நிற்கக் கூடாது. என் பிம்பத்தை மறைக்கும்!" என்றார்.

சபையில் அமைச்சர் அனவரதநாதர் மட்டும் எழுந்தார். "மகாராஜா, இதற்குத் தகுந்த ஆள் நம் விகடகவி மயிலேறிதான். தவறினால் நாடு கடத்திவிடலாம்."

மயிலேறிக்கு வீட்டு நினைவு வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு எந்த நாட்டுக்குப் போவது? ஆனாலும் தலையாட்டிவிட்டு நேரே கல்தச்சர்களிடம் போனான்.

மூன்றாம் மாதம் அமைச்சர் ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தார். தண்ணீருக்குள் காடு மாதிரி மரக்கம்பங்கள்! அவற்றின் மேல் வில்லாக வளைந்த மரச்சாரம். சாரத்தின் மேல் இரு கரையிலிருந்தும் அடுக்கி வந்த கற்கள். அவர் ஓடிப்போய் மன்னரை அழைத்துவந்தார்.

"பார்த்தீர்களா மகாராஜா? ஒன்றல்ல, நூறு தூண்!"

"முடிந்த அன்று என்பதுதானே ஆணை, பிரபு?" என்றான் மயிலேறி. "உச்சியில் இன்னும் ஒரு கல் பாக்கி இருக்கிறதே."

மேலே அகலமும் கீழே குறுகலுமாகச் செதுக்கிய கல்லை நடு இடைவெளியில் இறக்கி, நாலு தட்டுத் தட்டினான். "இப்போது முடிந்தது. மரத்தை எடுக்கலாம்."

"எடுக்கும்போது கட்டியவன் அடியில் இருப்பதுதான் நம் நாட்டு வழக்கம்," என்று அமைச்சர் இனிக்க இனிக்க நினைவூட்டினார்.

மயிலேறி ஒரு பரிசலில் ஏறி, வளைவுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்து, மடியிலிருந்த அதிரசத்தை எடுத்துக் கடித்தான். கடித்ததை மெல்லாமல் மேலே பார்த்தான். கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கற்கள் ஒருமுறை நறநறத்தன. அமைச்சர் ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

பாலம் அசையவில்லை. பட்டத்து யானை அதன் மேல் ஆடி ஆடி அக்கரை போய்ச் சேர்ந்தது. அதிரசமும் உள்ளே போய்ச் சேர்ந்தது.

"தாங்க ஒன்றுமே இல்லையே! எப்படியடா நிற்கிறது?" என்றார் மன்னர்.

"சபையைப் பார்த்துக் கற்றதுதான், பிரபு. ஒவ்வொரு கல்லும் கீழே விழத்தான் பார்க்கிறது. ஆனால் பக்கத்துக் கல்லை நெருக்காமல் விழ முடியவில்லை. அதுவும் பதிலுக்கு நெருக்குகிறது. நெருக்கல் கல்லுக்குக் கல் கைமாறிக் கரைக்குப் போய்ச் சேருகிறது. கரை உறுதியாக இருக்கிறவரை ஒருவரும் விழமாட்டார்கள்."

"அந்த உச்சிக் கல்?"

"அது தாங்கள், பிரபு. இரண்டு பக்கமும் நெருக்குகிறார்கள். அதனால்தான் அவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி மயிலேறிக்குப் போட்டார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அனவரதநாதர் பக்கத்திலிருந்த சேனாதிபதியின் மேல் மெல்லச் சாய்ந்தார். சேனாதிபதி அவரைத் திருப்பி நெருக்கினார்.

இருவரும் விழவில்லை.